ஊசி போடும் கைக்கு எதற்கு அனாடமி?

"ஊசி போடவும் பி.பி. பார்க்கவும் எதற்கு அக்கா இவ்வளவு அனாடமி?" முதலாண்டு நர்சிங் தங்கைகள் எங்களிடம் கேட்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சில மருத்துவர்களும் இதையே கேட்பதுண்டு. அந்தக் கேள்வியின் தொனி வேறு. மூளை ஒருவருக்கு, கை இன்னொருவருக்கு என்ற கணக்கு இந்த நாட்டில் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்களில் பலர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்கள். 'ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு' என்று வாசிக்கத் திணறினால் வகுப்பில் சிரிப்பு எழும். அது ஒரு கழுத்துத் தசையின் பெயர், அவ்வளவுதான். வார்டில்தான் அதன் அருமை தெரிந்தது. மூச்சுக்குப் போராடும் நோயாளிக்கு அந்தத் தசை கயிறு போலப் புடைத்து நிற்கும். அதைப் பார்த்த பிறகு மீட்டரைத் தேடி ஓட வேண்டியதில்லை.

மண்டையோட்டில் உள்ள ஒவ்வொரு துளையின் பெயரும் தினசரி வேலைக்குத் தேவைப்படாது. மறந்தாலும் குடி முழுகிவிடாது. பிட்டத்தில் ஊசி போடும்போது சியாட்டிக் நரம்பு எங்கே ஓடுகிறது என்பதை மறக்க முடியாது. உறுப்பு எங்கே இருக்கிறது என்பதைவிட, அது எப்படி வேலை செய்கிறது, எப்போது தோற்கிறது என்பதே அதிகம் தேவை.

பிரசவ வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்ததும் கருப்பைத் தசை இறுகித்தான் ரத்தக் குழாய்களை நெரித்து அடைக்கிறது. தொட்டால் மெத்தென்று இருந்தால் ஆபத்து. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் கருப்பை இறுகாது. அதைக் காலி செய்ய வேண்டும். ரத்தம் போகப் போக முதலில் ஏறுவது நாடித் துடிப்பு. பி.பி. கடைசியில்தான் விழும். பி.பி. 110/70 என்று எழுதிவிட்டு நகர்ந்தால் நேரம் கைநழுவிவிடும். நம் தெருப் பெண்கள் பலர் ரத்தசோகையோடுதான் பிரசவத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் ரத்தம் போவதே தாங்காது. ரத்தசோகை கடுமையாக இருந்தால் ஆக்சிஜன் குறைந்தாலும் உதடு நீலமாகாமல் போகலாம்.

கறுத்த தோலுக்கும் இதில் பங்குண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வில், அது தவறவிட்ட ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. நீலம் பூத்திருக்கிறதா என்பதை நாக்கிலும் உள்ளுதட்டிலும் பாருங்கள்.

நள்ளிரவில், "சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காங்க" என்றால் அந்தப் பக்கம் எரிச்சல்தான் பதில். "பல்ஸ் 84லிருந்து 124க்கு ஏறியிருக்கு சார், கருப்பை இறுகலை, யூரின் எடுத்துட்டோம், ரத்தம் நிக்கலை" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் சாதியைத் தெரிந்துவைத்துக்கொண்டு முகம் கொடுத்துப் பேசாதவர்களும் அந்த எண்களைக் கேட்டு எழுந்து வந்திருக்கிறார்கள்.

விடுதித் தங்கைகளுக்கு ஞாயிறு மாலைகளில் இதையெல்லாம் தமிழிலேயே சொல்லித் தருகிறோம். ஆங்கிலப் பெயர்களைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். போன வாரம் இதயம் முடிந்தது. வரும் ஞாயிறு சிறுநீரகம்.