தட்டிக் கொடுத்தலும் சுட்டிக் காட்டலும்

பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டும் வழி யாதென வினவினால், நம்மவருள் ஒரு சாரார் பிரம்பைக் காட்டுவர். மற்றொரு சாரார் வாயாரப் புகழ வேண்டும் என்பர். இவ்விரு சாராரும் மாலை வேளையிற் பாடசாலை மைதானத்தின் ஓரமாகச் சிறிது நேரம் நின்று பார்த்தல் நன்று.

என் பேத்தி உயரம் பாய்தலிற் பயிற்சி பெறுகின்றாள். அவளை வீட்டுக்கு அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது. ஆதலால், வேப்பமர நிழலில் இருந்தபடியே அவளுடைய பயிற்சி ஆசிரியையின் பேச்சைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கின்றது. உயரம் பாய்தல் விசித்திரமான விளையாட்டு. குறுக்குத் தடியைத் தாண்டியவருக்குக் கிடைக்கும் பரிசு, இன்னும் சற்றே உயர்த்தப்பட்ட தடி! தொடர்ந்து மும்முறை தவறினால் விலக வேண்டியதுதான். முதலிடம் பெறுபவரும் பெரும்பாலும் இறுதியில் அதைத் தட்டி வீழ்த்திவிட்டே மைதானத்தை விட்டு வெளியேறுகின்றார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 ஆம் ஆண்டு தோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கையின் முதற் பொற்பதக்கத்தை ஈட்டினார். அவரும் எத்தனை முறை தடியை வீழ்த்தியிருப்பாரோ!

தடி விழும்பொழுது அந்த ஆசிரியை "ஐயோ" என்பதில்லை, "பரவாயில்லை" என்பதுமில்லை. "கடைசி மூன்று எட்டிலும் வேகம் குறைகிறது, பிள்ளை. திரும்ப ஓடி வா" என்பார். அவ்வளவே. அடுத்த முறை செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்த பின் முகம் வாட அவளுக்கு நேரமேது? ஒரே மாலையிற் பத்து முறை விழுந்தும் சிரித்துக்கொண்டே எழும்புகின்றாள்.

அதே பிள்ளை சென்ற தவணையிற் கணிதக் கொப்பியை மேசையில் எறிந்துவிட்டு, "எனக்குக் கணக்கு வராது, அம்மப்பா" என்று அழுதாள். பக்கம் முழுவதும் சிவப்புப் புள்ளடிகள்; அடியில் 'முயற்சி போதாது' என்னும் குறிப்பு. இருவருமாக இருந்து பார்த்தோம். மூன்றாம் வரியில் ஒரு சயக் குறி விடுபட்டிருந்தது. ஏனைய பிழைகளிற் பாதியும் அவ்வகையினவே. முயற்சியில் அவள் குறை வைத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் ஜோன் வூடன் என்றொரு கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் இருந்தார். முன்னர் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியைப் பன்னிரண்டு ஆண்டுகளிற் பத்து முறை தேசிய வெற்றி பெறச் செய்தவர். 1974-75 பருவத்தில் றோலண்ட் தார்ப், றொனால்ட் கலிமோர் என்னும் உளவியலாளர் இருவர் அவருடைய பயிற்சிகளுக்குச் சென்று, அவர் கற்பித்த விதத்தை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டனர். 2,326 குறிப்புகள் சேர்ந்தன. அவற்றுட் சரிபாதி, 'இதை இவ்வாறு செய்' என்னும் விளக்கமே! புகழ்ச்சி நூற்றுக்கு ஏழளவு. வெறுங் கண்டிப்பும் ஏறத்தாழ அவ்வளவே. வீர முழக்கத்தை எதிர்பார்த்துச் செல்பவர் எவரும் அங்கே ஏமாந்திருப்பர். பருவத் தொடக்கத்தில் அவர் கற்பித்தது, காலுறையைச் சுருக்கம் விழாமல் அணியும் முறை! காலிற் கொப்புளம் எழும்பினால் ஓடுவதெங்ஙனம்?

வூடனிடம் இருந்தோர் ஓர் அணியினர் மட்டுமே. நம் கணித ஆசிரியர்களின் மேசையிலோ கொப்பிகள் மலைபோற் குவிகின்றன. அவர்களை நான் குறை கூற மாட்டேன். ஆயினும், 'முயற்சி போதாது' என்று எழுத இரண்டு சொற்கள் வேண்டும். 'மூன்றாம் வரியைப் பார்' என்று எழுத மூன்று.