ஸ்க்ராட்ச் என்றால் பூச்சியம் இல்லை

எங்க லயத்தை இன்னும் கொஞ்ச நாள்ல உடைக்கப் போறாங்க. பின்பக்க மண்மேடு ஆபத்து என்று சொல்லி, பாதிக் குடும்பங்களை ஏற்கெனவே மேல் டிவிஷனுக்கு அனுப்பியாச்சு. கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டம், ஒரே கூரைக்குக் கீழ பத்துக் காம்பரா. போட்டோ எடுத்து வச்சாச்சு. ஆனாலும் அதைச் சின்னதா கையால செஞ்சு பார்க்கணும் போல இருந்தது.

மாடல் செய்யிற ஆசை எனக்கு ரயிலால வந்தது. தாத்தா இருந்த காலத்துல களனிவெளிச் சின்ன ரயிலைப் பற்றித்தான் பேசிட்டே இருப்பார். தண்டவாளத்துக்கு இடையில இரண்டரை அடிதான் அகலம். 1902 இல் அவிசாவளை வரைக்கும் வந்து, 1912 இல் இரத்தினபுரிக்குப் போய், பிறகு ஓப்பநாயக்கா வரைக்கும் நீண்ட பாதை அது. எட்டியாந்தோட்டைக்கும் ஒரு கிளை இருந்தது. இப்ப அவிசாவளைக்கு அங்கால தண்டவாளமே இல்ல. அந்த ரயிலை யாராவது மாடலா செஞ்சிருக்காங்களா என்று தேடப்போய்த்தான், இந்த மாடல்காரங்க பேசுற பாஷை எனக்குப் பழக்கமாச்சு.

அவங்க பாஷையில மூணு சொல் முக்கியம். முதலாவது கிட். பெட்டியைத் திறந்தா எல்லாத் துண்டும் நம்பர் போட்டு இருக்கும், பேப்பர்ல சொன்ன மாதிரி ஒட்டினா சரி. இரண்டாவது கிட்பாஷ். நாலு கிட்டை உடைச்சு, கலந்து, பெட்டியில இல்லாத ஒன்றைச் செய்யிறது. 1977 இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துல பறக்கிற கப்பல்கள் பலதுல, கடையில விற்கிற யுத்த டாங்கி கிட்களின் துண்டுகள் ஒட்டியிருக்கு. மூன்றாவது ஸ்க்ராட்ச்-பில்ட். கிட்டே இல்லாம, அட்டை, மரம், தகரம், கம்பி என்று கையில கிடைச்சதை அளந்து வெட்டிச் செய்யிறது.

ஸ்க்ராட்ச்-பில்ட் செய்யிறவங்க எல்லாரும் திறமையைக் காட்டத்தான் அப்படிச் செய்யிறாங்க என்று முதல்ல நினைச்சேன். அது பாதிதான் உண்மை. நிறையப் பேர் கேட்கிற பொருளுக்குத்தான் கம்பனிக்காரன் கிட் போடுவான். பிரபலமான எஞ்சினுக்கு நாலு கம்பனி கிட் விற்கும். ஏதோ ஒரு மூலையில ஓடின சின்ன ரயில் வேணும் என்றா நீயேதான் செஞ்சுக்கணும். லயத்துக்கு உலகத்துல எங்கேயும் கிட் கிடையாது.

சரி, நானே செய்வோம் என்று இறங்கினேன். பிரித்தானிய மாடல் ரயில்காரர்களிடம் ஓர் அளவு இருக்கு. ஓர் அடிக்கு நாலு மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. கணக்குப் போட்டா நாலு சென்ரிமீற்றருக்குக் கிட்டத்தட்ட ஐந்து. அட்டையை வெட்டி மேசையில வச்சேன். ஒரு நெருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. எங்க வீட்டுல ஒரு காலத்துல ஏழு பேர் படுத்தது அதுக்குள்ள. அம்மாயி வந்து எட்டிப் பார்த்திட்டுச் சொன்னது: “நெசத்துலயும் அம்புட்டுத்தான்டா.”

லயத்துக்குப் பிளான் படம் எதுவும் எங்க கையில இல்ல. அம்மாயி ஞாபகம்தான் பிளான். “கட்டிலப் போட்டா கதவு முழுசாத் தொறக்காது” என்றா. அதுல இருந்து சுவருக்கும் கதவுக்கும் உள்ள தூரத்தைக் கண்டுபிடிச்சேன். இஸ்தோப்பை எந்த வருஷம் மறிச்சுக் குசினி ஆக்கினது, எந்தக் காம்பரா சுவர் எந்த மழையில விழுந்தது எல்லாம் அவங்களுக்குத் தெரியும்.

கூரைதான் பாடாப் படுத்தினது. அட்டைப் பெட்டியின் மேல்தாளை உரிச்சா உள்ளே நெளிநெளியா இருக்குமே, அதை ஒட்டினேன். பார்க்கத் தகரம் மாதிரித்தான் இருந்தது, ஆனா நெளிவு ரொம்பப் பெரிசு. நிஜத் தகரத்துல ஒரு நெளிவு மூணு அங்குலம் என்றா, மாடல்ல ஒரு மில்லிமீற்றர்தான் வரணும். பிறகு அம்மாயியின் பேன் சீப்பை எடுத்து, பிஸ்கட் பக்கட்டின் வெள்ளித்தாளை அதன் பல் மேல வச்சு நகத்தால அழுத்தினேன். அச்சு அசல் கூரைத் தகரம். அம்மாயிக்குச் சிரிப்புத் தாங்கல.

அந்தப் படத்தைப் போட்டதும் கம்பஸ் நண்பன் ஒருத்தன் எழுதினான்: “மச்சான், நீயே ஒரு ஸ்க்ராட்ச்-பில்ட் தானே!” தோட்டத்துல இருந்து கம்பஸுக்கு வந்தவன், ஒன்றுமில்லாம ஆரம்பிச்சவன் என்று அர்த்தம். பாசத்தோடதான் சொன்னான். பரிசளிப்பு விழாக்களிலும் எங்களை மேடையில ஏத்தி இதைத்தான் சொல்லுவாங்க: பூச்சியத்துல இருந்து வந்த பிள்ளை. கைதட்டுவாங்க. எனக்குத்தான் எங்கேயோ இடிச்சது. அதனால அந்தச் சொல்லையே தோண்டிப் பார்த்தேன்.

ஸ்க்ராட்ச் என்றால் கீறல். ஓட்டப் பந்தயத்துல தரையில கீறின கோடு. அந்தக் காலத்துப் பந்தயங்கள் சிலதுல, மெதுவா ஓடுறவங்களுக்குக் கொஞ்சத் தூரம் சலுகையாக் கொடுத்து முன்னாலே நிறுத்துவாங்க. சலுகை இல்லாதவன் அந்தக் கோட்டுல இருந்தே ஓடணும். ஸ்க்ராட்ச்ல இருந்து தொடங்குறது என்ற பேச்சு அப்படி வந்தது. கையுறை இல்லாத பழைய குத்துச்சண்டையிலும் அந்தக் கோடு இருந்தது. 1838 இல் இலண்டனில் எழுதின விதிப்படி, விழுந்தவனுக்கு 30 விநாடி ஓய்வு. பிறகு எட்டு விநாடிக்குள்ள அவன் தானா நடந்து வந்து நடுக்கோட்டுல நிற்கணும், இல்லையென்றா தோல்வி.

ஆக, அந்தச் சொல்லுக்குள்ள பூச்சியம் என்ற அர்த்தமே இல்ல. கோட்டுல நிற்கிறவன் வெறுங்கையன் இல்லை, சலுகை கிடைக்காதவன். இன்னொன்று, அந்தப் பந்தயத்துல கோட்டுல நிற்கிறவன்தான் இருக்கிறதுலேயே நல்ல ஓட்டக்காரன். பலமானவன் என்று தெரிஞ்சுதான் அவனைப் பின்னால நிறுத்தினாங்க. எங்க விஷயம் அங்கேதான் மாறுது. எங்களைப் பின்னால நிறுத்தினது எங்க பலத்தைப் பார்த்து இல்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்க ஆட்களைக் கோட்டுக்கே வர விடல. 2003 இல் வந்த சட்டம் வரைக்கும் அது இழுபட்டது. மலையகத்துக்குள்ளேயும் கோடு இருக்கு. இந்திய வீடமைப்புத் திட்டத்துல தோட்டங்களுக்கு முதல்ல கிடைச்ச 4,000 வீடும் மத்திய, ஊவா மாகாணங்களுக்குத்தான். மலையகம் என்றா நுவரெலியா, ஹற்றன் என்று நினைக்கிறவங்களுக்கு சப்ரகமுவ ஞாபகத்துக்கு வர நேரமாகும்.

ஆனா கோட்டுக்குப் பின்னால நின்றாலும் எங்க கையில ஒன்றுமே இல்லாம இருக்கல. அம்மாயி விடியக்காலையில போய்ப் பால் வெட்டும்போது, மரத்துக்குக் காயம் படாம பட்டையை எவ்வளவு ஆழம் சீவணும் என்று கையாலயே தெரிஞ்சவ. மா, தேங்காய்ப்பூ, உப்பு, அவ்வளவுதான், அதுல ஏழு பேருக்கு ரொட்டி. ஒரு ஆள் பேருக்கும் பத்தாத அந்த இஸ்தோப்பைக் குசினியாவும் நான் படிக்கிற இடமாவும் ஆக்கினது அவதான். இதையெல்லாம் பூச்சியம் என்று எழுதிட்டுத்தான் நான் ‘வந்தேன்’ என்று சொல்லணும் என்றா, அந்தக் கைதட்டல் எனக்கு வேணாம்.

நண்பனுக்குப் பதில் எழுதினேன்: “ஓம் மச்சான், ஸ்க்ராட்ச்-பில்ட் தான். ஆனா செஞ்சது நான் இல்ல.” அவன் ஒரு சிரிப்பு முகம் அனுப்பினான். விளங்கிச்சோ தெரியல, நேர்ல பார்க்கும்போது சொல்லணும்.

மாடல் இன்னும் முடியல. எட்டுக் காம்பரா முடிஞ்சிருச்சு, கானும் பைப்படியும் பாக்கி. நேற்று அம்மாயி வந்து பார்த்திட்டு, பின்பக்கத்துல நின்ற முருங்கை மரத்தைக் காணோமே என்று கேட்டா. என்ன உயரம் இருக்கும் என்று கேட்டேன். தலைக்கு மேல கையை நீட்டிக் காட்டினா. ஒரு குச்சியை எடுத்து, ஓர் அடிக்கு நாலு மில்லிமீற்றர் என்று அளந்துகொண்டு இருக்கிறேன்.