களைப்பு தொடங்கும் இடம்

வேலை பழக வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு கணக்கைக் கையோடு கொண்டு வருவார்கள். 220இலிருந்து வயதைக் கழி, வருவது உச்ச நாடித்துடிப்பு, அதில் இத்தனை வீதத்துக்கு நடக்க வை. நல்ல சுகதேகிக்கே பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் போகிற கணக்கு அது. சீனி வருத்தக்காரரிடம் அதை நம்பி இறங்கக் கூடாது. சாய்ந்தமருது, மாளிகைக்காடு, கல்முனை என்று இந்தக் கரையில் பல வருடமாக இவர்களை நடக்கவைத்து, நிறுத்தி, நாடி பிடித்து வருகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நாங்கள் தேடுவது ஓர் எல்லையை. நடையை நிமிடத்துக்கு நிமிடம் கூட்டிக்கொண்டு போனால் மூச்சும் சீராகக் கூடிக்கொண்டு வரும். ஓரிடத்தில் அந்தச் சீர் உடையும். அதற்குக் கீழே ஒருவர் அரை மணி, முக்கால் மணி நேரம் கதைத்துக்கொண்டு நடக்கலாம். அதற்கு மேலேயும் இன்னோர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் இரத்தத்தில் லாக்டேட் தேங்கத் தொடங்கும், சில நிமிடத்தில் ஆள் நின்றுவிடுவார். ஆய்வுகூடத்தில் காது மடலில் இரத்தம் எடுத்து இதைக் கண்டுபிடிப்பார்கள். எங்களிடம் இருப்பது ஒரு சீமெந்து விறாந்தை, இரண்டு பிளாஸ்டிக் கூம்பு, ஒரு கைக்கடிகாரம், ஒரு குளுக்கோமீட்டர். சரியாகச் செய்தால் அது போதும்.

பழக வந்த தங்கச்சி ஒருத்தி, ஐம்பத்தெட்டு வயது ராத்தா ஒருவரை நடக்கவைத்துக்கொண்டிருந்தாள். கணக்குப்படி நாடி 110க்கு வர வேண்டும். 92ஐத் தாண்டவில்லை. "இன்னும் கொஞ்சம் கெதியா நடங்க ராத்தா" என்று அவள் சொல்லச் சொல்ல, அந்த மனுஷி தோள் இரண்டையும் தூக்கித் தூக்கி மூச்செடுத்தார். "கால் போகுதுகா மகள், மூச்சுத்தான் வருதில்ல" என்றதும் நான் போய் நிறுத்தினேன். கிளினிக் கொப்பியைப் புரட்டினால் பிரஷருக்கு அட்டெனலோல் எழுதியிருந்தது. அந்தக் குளிசை நாடியை ஏறவிடாது. ராத்தா தன் எல்லையை எப்போதோ கடந்துவிட்டார், நாடிதான் அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தத் தங்கச்சி, கொப்பியில் மருந்துப் பக்கத்தைப் பார்க்காமல் யாரையும் எழுந்து நிற்கவும் சொல்ல மாட்டாள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நெடுநாள் சீனி உள்ள சிலருக்கு இதயத்துக்குப் போகும் நரம்பே பழுதாகியிருக்கும். கதிரையில் சும்மா இருக்கையிலேயே நாடி நூறுக்கு மேல் நிற்கும், ஆழ மூச்செடுக்கச் சொன்னாலும் ஏற்ற இறக்கம் காட்டாது. இவர்களை நடக்கவைக்கும் முன் வைத்தியரிடம் அனுப்பி ஈசிஜி பார்க்க வேண்டும். இவர்களுக்கு நெஞ்சுவலி வராமலேயே இதயம் சிரமப்படலாம். தாடை உளைவு, காரணமில்லாத வியர்வை, வழக்கத்தைவிடக் கூடிய களைப்பு, இவற்றில் எது வந்தாலும் நடை அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும்.

எனக்குத் தொழில் பழக்கிய சேர், மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துவிட்டு முகத்தை நோயாளியின் கழுத்துப் பக்கம் திருப்பிவிடுவார். "நாடிய விரல் பாக்கும், கண்ணுக்கு வேற வேல இருக்கு" என்பார். களைப்பு எல்லையைத் தொடும்போது கழுத்துத் தசை மூச்சுக்கு உதவ வரும், காறை எலும்புக்கு மேலே ஒரு குழி விழும். பர்தாவோடு வரும் பெண்களிடம் அது தெரியாது. தோளைப் பார்க்க வேண்டும், வாய் திறந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். நாடி பிடிக்கும் இடத்தை நடை தொடங்குமுன்னரே தேடிப் பேனையால் புள்ளி வைத்துவிடுங்கள். நின்றதும் நாடி மளமளவென்று இறங்கும். இடம் தேடிக்கொண்டிருந்தால் கிடைப்பது ஆறிய நாடிதான். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள்.

நடைக்கு நான் எடுப்பது ஷட்டில் முறை. இங்கிலாந்தின் லெஸ்டரில் சாலி சிங் குழுவினர் 1992இல் நெஞ்சு நோயாளிகளுக்காக வகுத்தது. ஒன்பது மீற்றர் இடைவெளியில் இரண்டு கூம்பு, திரும்பும் வளைவோடு சேர்த்துப் பத்து மீற்றர். முதல் நிமிடம் மூன்று தடவை, அடுத்த நிமிடம் நான்கு, பிறகு ஐந்து என்று பீப் ஒலி வேகத்தைக் கூட்டும். சின்னச் சின்னப் படியாக ஏறுவதால் மூச்சின் சீர் உடையும் நிமிடம் கையில் அகப்படும். அபாயாவின் ஓரம் திரும்புமிடத்தில் காலில் சிக்கும், முன்கூட்டியே கிளிப் போட்டுக் கணுக்காலுக்கு மேலே தூக்கிவிடுங்கள். செருப்பைக் கழற்றி உள்ளங்காலைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. உணர்வு செத்த பாதத்தில் முள் ஏறி மூன்று நாள் ஆனதை அறியாதவர்கள் இங்கே வருகிறார்கள்.

ஒவ்வொரு படியின் கடைசியிலும் வாயால் ஒன்று சொல்ல வைக்க வேண்டும். அமெரிக்காவின் விஸ்கொன்சினில் கார்ல் ஃபொஸ்டர் போன்றவர்கள் இந்தப் பேச்சுச் சோதனையைக் கருவிகளோடு ஒப்பிட்டு, கதைக்கத் திணறும் இடம் முதல் எல்லையை ஒட்டியே வருகிறது என்று காட்டியிருக்கிறார்கள். யோசித்துக் கதைப்பது உதவாது, மனப்பாடமாக உள்ளது வேண்டும். ஸுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரை வீதியில் நடப்பவர்கள் வாய்க்குள் ஸலவாத்து ஓதிக்கொண்டுதான் போவார்கள். அதையே எடுத்துக்கொண்டோம். தொழுகையின் கடைசி இருப்பில் ஓதும் நீண்ட ஸலவாத்தை இலேசான நடையில் நடுவே ஒரு மூச்செடுத்து முடிக்கலாம். எல்லையில் நாலைந்து இடத்தில் அறும். அந்தப் படியின் வேகத்தையும் நாடியையும் அவரது அட்டையில் எழுதிக்கொண்டு, அதற்கு முந்திய படியைத்தான் அன்றாட நடைக்குக் கொடுப்பேன். வீட்டுக்குப் போனபின் அவர்களுக்குக் கடிகாரமும் வேண்டாம், நானும் வேண்டாம். ஓதல் அறுந்தால் நடையைக் குறைப்பார்கள்.

விரல் குத்துவதும் ஒரு கைவேலை. ஈச்சம்பழம் தின்ற விரலைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் பொய் சொல்லும். வியர்வை பட்டாலும் அப்படித்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். கரைவலை இழுப்பவரின் விரலும் மருதமுனைத் தறிக்காரரின் விரலும் தோல் தடித்திருக்கும், மோதிர விரல் கொஞ்சம் மென்மையாக இருக்கும். ஸ்ட்ரிப் போத்தலின் மூடியைத் திறந்து வைக்காதீர்கள், இந்தக் கடல் ஈரம் அதைக் கெடுத்துவிடும்.

வேகம் கூடக் கூட இரத்தச் சீனி இறங்கி, எல்லைக்குக் கிட்ட வந்ததும் திரும்பி ஏறும், அந்தப் பள்ளத்தை வைத்தே எல்லையைக் கண்டுபிடிக்கலாம் என்று பிரேசில் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவர்களிடம் இருந்தது ஆய்வுகூடக் கருவி. நம் மீட்டருக்கு 15 வீதம் வரை முன்பின் போக அனுமதி உண்டு. 160இல் ஐந்தாறு புள்ளிப் பள்ளத்தை அதில் தேடுவது வீண் வேலை, ஸ்ட்ரிப்புக்கும் நட்டம். மீட்டரைப் பாதுகாப்புக்கு வையுங்கள். இன்சுலினோ கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவர் 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடக்கட்டும். 70க்குக் கீழே போனால் ஒரு மேசைக்கரண்டிச் சீனி, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். 250க்கு மேலே நின்று, உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு நடை இல்லை. பின்னேரம் கூடுதலாக நடந்தவருக்கு இரவில் சீனி விழலாம் என்பதை வீட்டாரிடமும் சொல்லி அனுப்புங்கள்.

"ஓடினா சீனி கூடுது, அதான் விட்டுட்டேன்" என்று வாலிபர் சிலர் வருவார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. மேல் எல்லையைத் தாண்டி ஓடினால் அட்ரினலின் ஈரலைத் தட்டிச் சீனியை வெளியே விடும். கொஞ்ச நேரத்தில் அது இறங்கும். ஓட்டத்தை எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டால் அந்தப் பயமே போய்விடும்.

விறாந்தையில் எடுத்த வேகத்தை மணலுக்குக் கொண்டுபோகக் கூடாது. புதையும் மணலில் அதே வேகத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி போகும். வீதியில் நடக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அலை நனைத்து இறுகிய ஓரத்தில், பாதத்தை மூடிய சப்பாத்தோடு.

நோன்பு மாதத்தில் பழைய அட்டையை எடுத்து வைத்துவிடுவேன். வைத்தியர் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றியிருப்பார், பகலில் தண்ணீரும் இல்லை. அஸருக்குப் பின்னான நடையை நிறுத்திவிட வேண்டும், சீனி விழ அதிக இடமுள்ள நேரம் அது. தராவீஹ் தொழுபவருக்கு அந்த எழுந்து குனிதலையே அன்றைய பயிற்சியாகக் கணக்கில் சேர்ப்பேன். பெருநாள் முடிந்து மருந்து பழைய அளவுக்கு வந்து இரண்டு கிழமை போனபின் கூம்பை வைத்து முதலிலிருந்து அளப்போம்.