ஆவடி முதல் பூந்தமல்லி வரை: மாட்டுத் தீவனம் தின்னும் குதிரைகள்

'மாடுகளுக்காக அரை ஏக்கரில் கோ-4 புல் போட்டிருக்கிறேன். பக்கத்தில் கல்யாணக் குதிரை வைத்திருப்பவர் தினமும் இரண்டு கட்டு கேட்கிறார். கொடுக்கலாமா?' பட்டாபிராம் பக்கமிருந்து வாசகர் ஒருவர் நம் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால், அந்த வட்டாரத்துக் குதிரைகள் என்னதான் தின்கின்றன என்று நேரில் பார்த்துவிட்டுச் சொல்வோமே என்று, அம்பத்தூரில் தொடங்கி ஒரு நாள் முழுக்கச் சுற்றி வந்தேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் 1960-களில் வந்தவை. அதற்கு முன்பு இது ஏரிப்பாசன பூமி. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று திரும்பிய பக்கமெல்லாம் ஏரி, ஏரிக்குக் கீழே நெல், கரையில் மேய்ச்சல். இன்று ஏரிகள் இருக்கின்றன, வயல்கள் மனைகளாகிவிட்டன. அந்தக் காலி மனைகளில்தான் குதிரைகள் நிற்கின்றன. மதில் ஓரமாக நாலு தகரம், ஒரு சிமெண்ட் தொட்டி, அவ்வளவுதான் லாயம். பெரும்பாலும் வெள்ளைக் குதிரைகள். மாப்பிள்ளை ஊர்வலம், சாரட் வண்டி, கோயில் விழா என்று பிழைப்பு ஓடுகிறது.

திருமுல்லைவாயல் தாண்டி ஒரு லாயத்தில் தொட்டியை எட்டிப் பார்த்தேன். அரிசித் தவிடு பாதி, ஊறவைத்த கொள்ளு பாதி. பக்கத்தில் பொடியாக நறுக்கிய கோ-4 குவியல். "மாடு இதைத் தின்னுட்டு பத்து லிட்டர் கறக்குது. குதிரைக்கு மட்டும் ஆகாதா சார்?" என்றார் வைத்திருப்பவர். நியாயமான கேள்வி. வாசகரின் கேள்வியும் இதுதானே.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் அதில் நுண்ணுயிர்கள் முதலில் தீவனத்தைப் புளிக்கவைத்துப் பிரித்துவிடும். கம்பு நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற பொருளில் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துபோகும். குதிரைக்கு ஒரே இரைப்பை. நன்கு வளர்ந்த பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான். புளிக்கவைக்கும் வேலை அதற்குக் கடைசியில், பெருங்குடலில் நடக்கிறது. அதற்கு முன்பே ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். புல்லில் கால்சியம் இருந்தும் குதிரைக்குக் கிடைக்காது.

இதோடு தவிடும் சேர்ந்தால் வினைதான். குதிரைத் தீவனத்தில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்பதற்குக் கீழே போகவே கூடாது. அரிசித் தவிட்டிலோ பாஸ்பரஸ், கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எடுத்த இடத்தில் நார்போன்ற திசு வளரும். முதலில் முக எலும்பு இரண்டு பக்கமும் புடைக்கும். அதனால் இதற்குப் 'பெருந்தலை நோய்' என்றே பெயர். ஐரோப்பாவில் மாவு மில் வைத்திருந்தவர்களின் குதிரைகள் தவிடு தின்றே இந்த நோயில் விழுந்ததால், 'மில்காரர் நோய்' என்றும் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1970-களில் தவிடே தின்னாத, மேய்ச்சலில் மட்டும் இருந்த குதிரைகளுக்கும் வந்தது. காரணம், அங்கே மாடுகளுக்காக வளர்த்த வெப்பமண்டலப் புல் வகைகளில் இருந்த ஆக்சலேட்.

பருத்திப்பட்டில் அப்படி ஒரு பெண் குதிரையைப் பார்த்தேன். ஏரிக்கரையில் இப்போது பூங்காவும் நடைபாதையும் அழகாக இருக்கின்றன. முன்பு மேய்ந்த இடத்தில் அதற்கு மேய்ச்சல் இல்லை. எட்டு வயது. ஒரு நாள் முன்னங்கால் நொண்டல், மறுவாரம் பின்னங்கால். லாடத்தில் குற்றமில்லை. கால்களைத் தடவி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். தீவனத்தை மெல்லும்போது பாதி வாயிலிருந்து விழுந்தது. கன்னத்துக்கு மேலே எலும்பு லேசாகப் புடைத்திருந்ததை, மருத்துவர் கைவைத்துக் காட்டிய பிறகுதான் வீட்டார் கவனித்திருக்கிறார்கள். இரண்டு வருடமாகத் தவிடும் கோ-4 புல்லும்தான் தீவனம். அந்தக் குதிரையை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. முகூர்த்த நாளில் அது நொண்டினால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "எலும்பு திரும்ப ஊற மாசக்கணக்கில் ஆகும், அதுவரை சவாரி கிடையாது" என்று சொல்லிவிட்டார் மருத்துவர். வீங்கிய முகம் முழுதாகப் பழையபடி ஆகாமலும் போகலாம்.

அங்கேயே இருந்த பெரியவர் ஒருவர், நாற்பது வருடம் குதிரையோடு இருந்தவர், வேறொரு கணக்குச் சொன்னார். "ஆடியிலயும் மார்கழியிலயும்தான் தம்பி குதிரைக்கு நோவு வரும். கல்யாணம் இல்ல, வேலை இல்ல. பாசத்துல கொள்ளை மட்டும் குறைக்க மாட்டான். தை பொறந்ததும் ஒரே நாள்ல மூணு ஊர்வலம் ஓட்டுவான்." புத்தகத்தில் படித்ததைவிடத் தெளிவாக இருந்தது. வேலையில்லாமல் முழுத் தீனி தின்ற குதிரையைத் திடீரென்று வேலை வாங்கினால் தொடைத் தசை கல்லாக இறுகிவிடும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். ஞாயிறு ஓய்வெடுத்த வண்டிக் குதிரைகளுக்குத் திங்கள்கிழமை வந்ததால், மேலைநாடுகளில் இதற்குத் 'திங்கள் காலை நோய்' என்று பெயர். நமக்கு 'தை மாத நோய்' என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி இறுகிய குதிரையை நடக்கவைக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே நிறுத்தி மருத்துவரை வரவழைக்க வேண்டும்.

அதைவிடக் கொடுமையானது குளம்பு அழற்சி. தானியம், அரிசிச் சோறு, கல்யாண வீட்டார் ஆசையாக ஊட்டும் லட்டு எல்லாம் அளவு மீறினால், சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அமிலம் பெருகி, நல்ல நுண்ணுயிர்கள் செத்து, நஞ்சு ரத்தத்தில் கலக்கும். பாதிப்பு தெரிவது காலில். குளம்பின் ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்திருப்பது, புத்தகத் தாள்போல அடுக்கடுக்கான மெல்லிய மடிப்புகள். அவை வீங்கிப் பிரிந்தால், குதிரையின் மொத்த எடையும் அழுத்தி எலும்பு கீழ்நோக்கித் திரும்பிவிடும். அப்புறம் அந்தக் குதிரை பழையபடி நடப்பது கடினம். முன்னங்கால்களை முன்னால் நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்பது, குளம்பு சூடாக இருப்பது, குளம்புக்கு மேலே நாடி படபடவென்று அடிப்பது: இவற்றைப் பார்த்தவுடன் தானியத்தை நிறுத்தி, கால்களை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கால் போய்விடும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி தூரமில்லை. 1903-ல் தொடங்கிய கல்லூரி அது.

குதிரை விஷயத்தில் நமக்குப் பழைய பாக்கி ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கப்பலில் வாங்கிக் குவித்தும் வருடக் கடைசியில் சொற்பமே மிஞ்சின என்கிறார். பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களும் லாடம் கட்டுபவர்களும் இல்லை, சோற்றோடு கறியைச் சமைத்துப் போடுகிறார்கள் என்பது அவர் குறை. வெளியூர்க்காரர் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும், மாணிக்கவாசகரைக் குதிரை வாங்க அனுப்பிய மன்னனின் கஜானா ஏன் அடிக்கடி காலியானது என்று இதைப் படித்தால் கொஞ்சம் புரிகிறது!

பின்னாளில் ஆங்கிலேயர் குதிரைப்படையில், குதிரையைப் பார்த்துக்கொள்பவர் போக, புல் அறுக்கவும் ஆள் வைத்தார்கள். அவர்கள் வரப்பிலிருந்து செதுக்கி வந்தது பெரும்பாலும் அருகம்புல். ஆக்சலேட் குறைவான புல் அது. காரணம் தெரிந்து செய்தார்களோ, கைப்பழக்கமோ, சரியாகத்தான் செய்தார்கள்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் சென்னீர்குப்பம் பக்கம் இன்னொரு லாயம். அங்கே தீனி பரவாயில்லை, தரைதான் மோசம். சிமெண்ட் தளத்தில் மூத்திரமும் சாணமும் நனைந்த வைக்கோலும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்படி நின்றால், குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதி கறுத்து அழுகி நாறும். தினமும் குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காய்ந்த மணலோ மரத்தூளோ போட்டாலே பாதிப் பிரச்னை தீரும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். லாடம் அடிப்பவர்களை இந்தப் பக்கம் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், 'தேயட்டும், அப்புறம் கூப்பிடலாம்' என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ரணஜன்னித் தடுப்பூசியையும் மறக்கக் கூடாது. ஆணி குத்தினால் மாட்டைவிடக் குதிரைக்கே ஆபத்து அதிகம்.

சரி, பட்டாபிராம் வாசகருக்கு வருவோம். கோ-4 புல்லை வேறு புல்லோடு கலந்து கொஞ்சமாகக் கொடுத்தால் கெடுதல் இல்லை. அதுவும் தவிடும் மட்டுமே தீவனம் என்றால் விற்காதீர்கள். சூபாபுல் தழையை ஆட்டுக்குப் போடுகிறோமே என்று குதிரைக்குத் தர வேண்டாம். பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டி, குளம்பும் கெடும். மொனன்சின் கலந்த மாட்டுத் தீவனமோ கோழித் தீவனமோ குதிரைக்கு உயிருக்கே ஆபத்து. மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். கால்சியத்துக்குக் குதிரை மசால் நல்லது. பெயரிலேயே குதிரை இருக்கிறது. ஆனால் வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த சென்னைப் பக்கம் அது சரியாக வருவதில்லை.

உங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் வேர்க்கடலை விளைகிறதே! கடலைக்கொடியில் கால்சியம் நன்றாக இருக்கிறது. திருமழிசைக்கு மேற்கே ஒரு விவசாயி, கொடியை மண் உதறி, இரண்டு மூன்று நாள் திருப்பிப் போட்டுக் காயவைத்து, கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார். மண் உதறாவிட்டால் மணல் குடலில் தங்கிச் சூலை நோய் வரும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம். இவரிடம் இரண்டு குதிரைக்காரர்கள் வாடிக்கை. பருத்திப்பட்டுக் குதிரையின் வீட்டாருக்கும் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குதிரைக்கு மருத்துவர் தவிட்டை நிறுத்தி, கடலைக்கொடியும் அருகம்புல்லும், அதோடு தீவனத்தில் கலக்கும் சுண்ணாம்புக்கல் பொடியும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வெற்றிலைக்குப் போடும் சுட்ட சுண்ணாம்பு அல்ல அது. அதைப் போட்டால் வாய் வெந்துவிடும். பழைய தீனியிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாற்றாமல், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொல்லியிருக்கிறார்.