மறுபடியும் மஞ்சள் விளக்கு!

கார் ஓட்டுகிற பெண்கள் இன்று தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறோம். பெட்ரோல் போடத் தெரியும், டயருக்குக் காற்றுப் பிடிக்கத் தெரியும், பஞ்சர் என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதும் தெரியும். ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் என்ஜின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் மட்டும் வயிற்றைக் கலக்கி விடுகிறது. அதுவும், பணத்தைக் கொடுத்துப் பழுது பார்த்து, "எல்லாம் சரியாயிடுச்சும்மா" என்று அவர்கள் சொல்லிச் சாவியை வாங்கி வந்த நாலாம் நாளே அது மறுபடி எரிந்தால்? எங்கள் வீட்டில் அந்தக் கூத்து ஒரு மாதம் நடந்தது.

எங்களுடையது 2014-ல் வாங்கிய பெட்ரோல் கார். நாங்கள் இருப்பது கும்பகோணம். என் கணவருக்கு ஓசூரில் வேலை. பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் வருவார். மாமியாருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் தஞ்சாவூரில் டயாலிஸிஸ். பாபநாசம், அய்யம்பேட்டை வழியாக நாற்பது கிலோமீட்டர். போகும்போது வழியெல்லாம் வயலைப் பார்த்துப் பேசிக்கொண்டே வருவார். திரும்பும்போது பின் சீட்டில் துவண்டு படுத்து விடுவார். அந்த நிலையில் அவரைப் பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியுமா? வாரம் இரண்டு தடவை வாடகைக் காரும் நமக்குக் கட்டுப்படியாகாது. ஆக, அந்தக் கார் எங்களுக்கு மருந்து மாத்திரை மாதிரி.

முதல் தடவை விளக்கு எரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வண்டி நன்றாகத்தான் ஓடியது. வழியில் ரயில்வே கேட்டில் நின்றபோது மட்டும் லேசாக ஓர் உதறல். மறுநாள் ஒர்க் ஷாப்பில் விட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஆக்ஸிஜன் சென்சார் போச்சும்மா, மாத்தணும்" என்றார்கள். சென்சார் 4,600 ரூபாய், கூலி 700. விளக்கு அணைந்தது. நாலாம் நாள் திரும்ப எரிந்தது. போனேன். "புதுசு போட்டா சில சமயம் அப்படித்தான்" என்று கருவியைச் செருகி அணைத்து அனுப்பினார்கள். ஐந்து நாள் போயிற்று. மறுபடியும் எரிந்தது!

மூன்றாம் தடவை போனபோது அங்கிருந்த பையன் சிரித்துக்கொண்டே, "வண்டி ஓடுதுல்ல அக்கா? அது மேல ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி விட்டுடுங்க" என்றான். பெரியவரோ, "சாரை ஒரு தடவை வரச் சொல்லுங்கம்மா, அவர்கிட்ட விவரமாச் சொல்றோம்" என்றார். ஏன், எனக்குச் சொன்னால் விளங்காதா? பணத்தை மட்டும் என்னிடம்தானே வாங்கினார்கள்!

அந்தப் பொட்டுப் பேச்சைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது மாமியார் மெதுவாக, "ஏம்மா, இந்த வெள்ளிக்கிழமை போக வேணாமே. உடம்பு ஒண்ணும் மோசமா இல்லை. இந்த வண்டிக்கு வேற செலவு மேல செலவா வந்துக்கிட்டு இருக்கு" என்றார். எனக்குக் கையில் எடுத்த சோறு இறங்கவில்லை. டயாலிஸிஸ் ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீரும் பொட்டாசியமும் சேர்ந்து விபரீதமாகி விடலாம் என்று டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறார். பாழாய்ப்போன விளக்கு அவரையே ஒரு செலவுக் கணக்காக நினைக்க வைத்து விட்டதே என்றுதான் மனசு ஆறவில்லை. "பேசாமச் சாப்பிடுங்க அத்தை, வெள்ளிக்கிழமை போறோம்" என்று சொல்லிவிட்டேன். வாடகைக் காரில் போய் வந்தோம்.

அதற்குள் விஷயத்தை விசாரிக்க ஆரம்பித்தேன். கல்லூரியில் படித்தது தமிழ் இலக்கியம். ஆனால் வீட்டில் மிக்ஸியும் கிரைண்டரும் வைத்துக் குடித்தனம் செய்கிறவளுக்கு இதெல்லாம் புரியாத சங்கதி இல்லை.

2013 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கும் கார்களில் ஓ.பி.டி.-2 என்ற ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது சட்டம். என்ஜினைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் ஏதாவது கோணலாகக் கண்டால் ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு மஞ்சள் விளக்கைப் போடும். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துவாரம் உள்ள ஒரு செருகுமுனை இருக்கிறது. அதில் கருவியைச் செருகினால் எண் தெரியும். எங்கள் வண்டி காட்டிய எண் பி-0171. அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'பெட்ரோலுக்கு வேண்டியதைவிடக் காற்று அதிகமாகக் கலக்கிறது' என்பதுதான். சென்சார் கெட்டுவிட்டது என்று அதில் எழுதியே இல்லை!

இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று நாம் அரிசியும் உளுந்தும் போடுகிறோம் அல்லவா? அது போல என்ஜினுக்கும் ஒரு பக்குவம். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. எத்தனால் கலந்த பெட்ரோலானால் காற்று இன்னும் கொஞ்சம் குறைவு. இந்தப் பக்குவம் சரியா என்று புகைக்குழாயில் உட்கார்ந்து ருசி பார்த்துச் சொல்வதுதான் ஆக்ஸிஜன் சென்சாரின் வேலை. காற்று அதிகம் என்று அது சொன்னது. சொன்னவனையே வேலையை விட்டு நீக்கினார்கள். குழந்தைக்கு ஜுரம் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை மாற்றியது போல!

விளக்கு ஏன் உடனே எரியாமல் நாலைந்து நாள் கழித்து எரிந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. எண்ணை அழித்தால் கம்ப்யூட்டருக்குப் பழைய நினைவு போய்விடும். அது மறுபடி முதலிலிருந்து பார்க்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோலைக் கூட்டிச் சமாளித்துப் பார்க்கும். பெரும்பாலான கோளாறுகளுக்கு ஒரே தடவை கண்டதும் விளக்கைப் போடாது. அடுத்தடுத்த பயணங்களிலும் அதையே கண்டால்தான் போடும். அந்த நாலைந்து நாளைத்தான் நாம் 'சரியாகிவிட்டது' என்று நினைத்துக்கொள்கிறோம். பாட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இதே கதைதான்.

எங்கள் பால்காரர் சொல்லி வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். தகரக் கொட்டகை, ஒரே ஒரு வண்டிக்கு இடம். வயது அறுபது இருக்கும். "சார் வரலையா?" என்று கேட்கவில்லை. "நிக்கும்போது உதறுதா, ஓடும்போது உதறுதாம்மா?" என்று கேட்டார். அதற்கே எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. இதுவரை யாரும் கேட்காத கேள்வி. நிற்கும்போதுதான் என்றேன்.

கருவியை மாட்டி, வண்டியை ஓடவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். "பாருங்கம்மா, சும்மா நிக்கும்போது கம்ப்யூட்டர் நூத்துக்கு இருபத்துநாலு பங்கு பெட்ரோலைக் கூடுதலாக் குடுக்குது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினா அஞ்சுக்கு வந்துடுது. எங்கேயோ ஓட்டை வழியாக் காத்து திருட்டுத்தனமா நுழையுது. என்ஜின் மெதுவா ஓடறப்ப உறிஞ்சற சக்தி ஜாஸ்தி, அதனால அப்பதான் தெரியுது. பழைய சென்சாரும் இதையே சொல்லுச்சு, புது சென்சாரும் இதையே சொல்லுதுன்னா, பழசு பொய் சொல்லலைன்னுதானே அர்த்தம்?"

பிறகு ஒரு சின்ன யந்திரத்தால் என்ஜினுக்குக் காற்றுப் போகும் குழாய்க்குள் வெள்ளைப் புகையைச் செலுத்தினார். இரண்டு நிமிஷம். என்ஜினுக்குப் பின்பக்கம், கையே போகாத ஒரு மூலையில், ரப்பர் ஹோஸ் வளையும் இடத்திலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பிற்று. கழற்றிக் காட்டினார். மேலே பார்த்தால் ஒன்றுமில்லை; அடிப்பக்கம் பத்து வருஷச் சூட்டில் இறுகி, நீளவாக்கில் வெடித்திருந்தது. குக்கரில் ஆவி நிற்கவில்லை என்றால் நாம் வெயிட்டையா மாற்றுவோம்? காஸ்கெட்டை எடுத்துத்தானே பார்ப்போம்! அதே காஸ்கெட் சமாசாரம்தான் இது. ஹோஸ் 180 ரூபாய். கூலி 500. போட்டபின் திரையில் இருபத்துநாலு இரண்டாகக் குறைந்ததையும் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் எண்ணை அழித்தார்.

"ஒரு வாரம் ஓட்டிட்டு வந்து காட்டுங்க, அப்புறம் பணம் வாங்கிக்கறேன்" என்றார். நான் அப்போதே கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் முதலில் ஒன்று பாருங்கள். விளக்கு நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல ஓடினால் பதற வேண்டாம். மெதுவாக வீடு வந்து, அந்த வாரத்துக்குள் காட்டலாம். கண் சிமிட்டுவது போல விட்டு விட்டு எரிந்தால் சமாசாரம் வேறு. பெட்ரோல் எரியாமல் வெளியே போய்ப் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும். அதன் விலையைக் கேட்டால் மயக்கமே வரும். உடனே ஓரமாக நிறுத்துங்கள். எண்ணெய்க் கிண்டி படமோ, தெர்மாமீட்டர் படமோ சிவப்பாக எரிந்தாலும் ஒரு அடிகூட ஓட்டக்கூடாது.

ஒர்க் ஷாப்பில் எண்ணை அழிப்பதற்கு முன் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. "எதைச் சோதித்துப் பார்த்து இந்தப் பாகம் கெட்டதென்று சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடமென்றால், வேறு இடம் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் படிக்கும் சின்னக் கருவி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. நான் ஒன்று வாங்கிக் கைப்பையில் போட்டிருக்கிறேன். என் கணவர் ஊரிலிருந்து வந்தபோது அதைப் பார்த்து, "மெக்கானிக் அம்மா!" என்று கிண்டல் செய்தார். செய்துவிட்டுப் போகட்டும்.

முதல் ஒர்க் ஷாப்புக்கும் ஒரு நாள் போனேன், சண்டைக்கு இல்லை. வெடித்த ஹோஸையும் பழைய சென்சாரையும் மேஜை மேல் வைத்து, எண்ணையும் சொன்னேன். பெரியவர் ஹோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சென்சாருக்குப் பணம் திருப்பித் தர முடியாது, கூலி 700-ஐ அடுத்த தடவை ஆயில் மாற்றும்போது கழித்துக்கொள்வதாகச் சொன்னார். வாயால் சொன்னால் போதாதென்று பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு, மாமியாரை அழைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குக் கிளம்பினேன். அன்று வெள்ளிக்கிழமை.