மழை எந்தப் பக்கம் போகிறது?

செண்பகாதேவி அருவிக்கு மேலே சுண்ணாம்புக் குகை இருக்கிறதா, கூரையிலிருந்து கல் விழுதாகத் தொங்குமா என்று சீசனுக்குக் குற்றாலம் வரும் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் மலையேறத் துடிக்கும் பிள்ளைகள், அந்த மலை எந்தக் கல்லால் ஆனது, அதன்மேல் விழும் மழை எங்கே போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மலையின் அழகும் ஆபத்தும் அந்தத் தண்ணீரோடுதான் வருகின்றன.

நம் திரிகூடமலை சார்னோக்கைட், நைஸ் போன்ற கடும்பாறை. மழை அதைச் சுலபத்தில் கரைத்துவிடாது. காட்டு மண் குடித்தது போக மிச்சமெல்லாம் பாறைமேல் வழிந்து, அருவியாக விழுந்து, சிற்றாற்றில் சேர்கிறது. செண்பகாதேவி அம்மன் கோயில் பக்கம் சித்தர்கள் தவமிருந்ததாகச் சொல்லும் குகைகள் உண்டு. அவை சுண்ணாம்புக் குகைகள் அல்ல. நம் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் பூமி என்றால் தாழையூத்துதான். அதை நம்பித்தான் 1949-இல் அங்கே சிமென்ட் ஆலை வந்தது.

சுண்ணாம்புப் பாறையில் அதே மழை உள்ளே இறங்குகிறது. மண்ணைக் கடக்கும்போது கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகி, விரிசல்களை அரித்து அரித்துக் குகையாக்குகிறது. கூரையில் கசியும் துளியிலிருந்து அந்த வாயு பிரிய, சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. அப்படிப் படிந்து நீளும் விழுது நூறு ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. நம் விரல் எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாது. ஒரு படம் எடுத்துக்கொள்வதற்காக அதைத் தொடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

இப்படிப்பட்ட சுண்ணாம்புக் குகைகள் ஆந்திரத்தில் உண்டு. அனந்தகிரிக் காட்டுக்குள் போரா குகை இருக்கிறது. சமவெளியில் பேலம் குகை. அதை 1884-இல் குறித்து வைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் அவர்தான். பிறகு 1982, 83-இல் ஜெர்மானியர் குழு ஒன்று உள்ளே போய் அளந்தது. நீளம் 3,229 மீட்டர்.

உள்ளே இறங்கும் மழைக்கும் வேகம் உண்டு. 2018 ஜூன் 23-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் பயிற்சியாளரும், பின்னால் புகுந்த மழைநீரில் சிக்கிக்கொண்டார்கள். கடைசிப் பிள்ளை வெளியே வர ஜூலை 10 ஆகிவிட்டது. அவர்களுக்காக உள்ளே போன முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் திரும்பவில்லை. நம் பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை இழுத்துப் போனது. அங்கே தண்ணீர் குகைக்குள் புகுந்தது, இங்கே பாறைமேல் பாய்ந்தது. இரண்டு இடத்திலும் மேலே பெய்த மழை கீழே நின்ற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

அருவித் தண்ணீர் கலங்கிச் சருகும் சுள்ளியும் வந்தால் உடனே விலகுங்கள். போலீஸ்காரர் தடுத்தால், இங்கே சாரல்கூட இல்லையே என்று வாதாடாதீர்கள். வனத்துறை அனுமதியில்லாமல் செண்பகாதேவிக்கு ஏறாதீர்கள். சுண்ணாம்புக் குகைதான் பார்க்க வேண்டுமென்றால் மழை இல்லாத மாதமாகப் பார்த்து ஆந்திரத்துக்குப் போய்வாருங்கள். விழுதுகளில் மட்டும் கை வைக்க வேண்டாம்.