இரண்டு நிமிட வணக்கம்

2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அந்நாட்டுக் கால்பந்தாட்டத்தின் ஆண்டு இறுதிப் போட்டி நடந்தது. 10 கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் காணும் ஆட்டம் அது. அவ்வாண்டு அதன் நடுவே 30 விநாடி விளம்பரம் செய்வதற்கு ஏறத்தாழ 40 இலட்சம் டாலர் கட்டணமாயிருந்தது. அன்று ஜீப் வண்டி விற்போர் முழுதாக 2 நிமிடங்களை விலைக்கு வாங்கியிருந்தனர்.

அச்சமயம் நான் அந்நாட்டில் என் மகளின் இல்லத்தில் தங்கியிருந்தேன். ஆட்டத்தின் விதிகள் எனக்கு விளங்கவில்லை; விளம்பரங்கள் நன்றாகவே விளங்கின. உணவு மேசையில் ஓர் இருக்கை வெறுமையாய்க் கிடக்கிறது. போர்முனைக்குச் சென்றவர்களை எதிர்பார்த்து வீட்டார் காத்திருக்கின்றனர். பின்னர்ச் சீருடை அணிந்தோர் திரும்பி வருகின்றனர்; உற்றார் அவர்களைக் கட்டித் தழுவிக்கொள்கின்றனர். அவர்கள் வீடு வந்து சேர்ந்தால்தான் நாடு முழுமை பெறும் என்று ஓப்ரா வின்ஃப்ரே அம்மையாரின் கனிந்த குரல் சொல்கிறது. வண்டியின் விலையைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. எனக்குக் கண்ணீர் வந்தது. என் மகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேரன்தான், “அம்மாச்சி, இது பட்டாளத்துக்கா, காருக்கா?” என்று கேட்டான்.

‘இரண்டுக்குந்தான்’ என்று அன்று சொல்லி வைத்தேன். ஆயினும் அக்கேள்வி எளிதில் விடுவதாயில்லை.

வணிகர் பிறர் கண்ணீரை விலைபேசினர் என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம், அது நேர்மையாகாது. அவ்விளம்பரத்தோடு, யு.எஸ்.ஓ. என்னும் படைவீரர் நல அமைப்புக்குத் துணைபுரியும் திட்டமொன்றும் இணைந்திருந்தது. 1941-இல் அவ்வமைப்பைத் தோற்றுவித்த 6 சங்கங்களுள் ஒன்று கத்தோலிக்கருடையது, ஒன்று யூதருடையது, இன்னொன்று சால்வேஷன் ஆர்மி என்பதை நம் வாசகர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். மேலும், படைவீரரைப் பற்றிப் பேசுவதற்கு வேறெந்த வண்டியைக் காட்டிலும் ஜீப்புக்கு உரிமை அதிகம். அது போருக்கென்றே பிறந்த வண்டி. 1940-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் ஊரிலிருந்த பான்டம் என்ற சிறு நிறுவனம் முதல் வண்டியைச் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு என்னும் பெரிய நிறுவனங்கள் போர் முடிவதற்குள் 6 இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்து குவித்தன. ஜீப்பைப் படைத்தது தானே என்று வில்லிஸ் நிறுவனம் பத்திரிகைகளில் பறைசாற்றியது. அப்படிச் சொல்லலாகாது என்று அந்நாட்டு வணிக ஆணையம் 1948-இல் ஆணையிட்டது. பான்டம்காரர்களுக்கு அதனால் என்ன பயன் விளைந்தது என்று கேட்காதீர்கள். ஜீப் என்ற பெயர் வில்லிஸிடமே தங்கிவிட்டது.

இன்னொரு விந்தையும் உண்டு. 1942 பிப்ரவரியில் அமெரிக்கா பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை அடியோடு நிறுத்தியது. விற்பதற்குக் கார் இல்லை. ஆயினும் கார் விளம்பரங்கள் நிற்கவில்லை. போருக்குப் பின் வீடு திரும்பும் மகனையும், அவன் ஓட்டப்போகும் புதுக் காரையும் ஒரே கனவாகச் சேர்த்து எழுதினார்கள். எதிர்காலத்தைக் காட்டும் கண்ணாடிக் கோளத்துக்குள் தன் காரை வரைந்து காட்டியது ஃபோர்டு நிறுவனம். ஆகவே 2013-இல் நான் கண்டது புதிய கலை அன்று.

ஜீப்பை எங்கள் குடும்பமும் அறியும். என் பெரியப்பா பர்மாப் போர்முனையில் அதை ஓட்டியவர். 1946-இல் ஒரு தகரப் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தார். யாரேனும் அவருடைய வீரத்தைப் புகழத் தொடங்கினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஓய்வூதியத் தாளை எழுதிக் கொடுத்த பள்ளி ஆசிரியரிடம் மட்டும் அவருக்குக் கடைசிவரை தனி மரியாதை.

அதே 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பேரவை ஒரு சட்டம் இயற்றியது. போரில் காலிழந்த வீரன் கார் வாங்கிக்கொள்ள அரசு 1,600 டாலர் வரை கொடுக்கும் என்பது அதன் சாரம். காலில்லாதவன் காரை எப்படி ஓட்டுவான்? ஓட்டும் சக்கரத்தின் அருகே ஒரு கைப்பிடி. அதிலிருந்து ஒரு தண்டு பிரேக்கின் மிதிக்கட்டைக்குச் செல்லும். கையால் தள்ளினால் வண்டி நிற்கும். வேகத்தைக் கூட்டுவதும் கையாலேயே. எஞ்சியது கிளட்ச். ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிலேயே கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத தானியங்கிப் பல்லிணைப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தது. சோம்பேறிகளின் வசதி என்று சிலர் எள்ளியிருக்கக்கூடிய அந்தப் பெட்டி, ஒற்றைக்காலனுக்கும் இருகால் இழந்தவனுக்கும் தெருவைத் திறந்துவிட்டது. காலிழந்தோருக்கென அந்நிறுவனம் கைவிசைகள் பொருத்திய வண்டிகளை வழங்கியது. அதையும் விளம்பரம் செய்தார்கள், செய்யட்டுமே. அவ்விளம்பரம் யாருக்கு வணக்கம் சொன்னதோ அவனுக்குப் பயன்படும் செய்தி அதில் இருந்தது.

2013-க்கு மீண்டும் வருவோம். ஈராக்கிலிருந்து படைகள் 2011 டிசம்பரிலேயே வெளியேறிவிட்டன. அந்த ஆட்டத்துக்கு 9 நாள் கழித்து, ஆப்கானிஸ்தானத்திலிருந்து மேலும் 34,000 பேர் ஓராண்டுக்குள் திரும்புவர் என்று அதிபர் ஒபாமா அறிவித்தார். அடுத்த மாதம், மார்ச்சில், போரால் உடல் குன்றியோருக்கான உதவித்தொகை கேட்டு 125 நாளுக்கு மேல் முடிவின்றிக் கிடந்த மனுக்களின் எண்ணிக்கை 6 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நாடு முழுமையடைந்தது என்று தொலைக்காட்சி சொல்லி ஒரு திங்கள்தான் ஆகியிருந்தது. இதற்கு ஜீப் விற்பவர் பொறுப்பல்லர். அரசு அலுவலகத்துத் தாள்களை அவர்கள் தள்ளிவிட முடியாது. ஆனால், கண்ணீர் விட்டவுடன் கடன் தீர்ந்ததுபோல் ஒரு நிறைவு பார்ப்பவர் உள்ளத்தில் வந்துவிடுகிறதே, அதுதான் எனக்கு அச்சம் தருகிறது. நானே அன்றிரவு மனம் நிறைந்துதான் உறங்கினேன்.

என் வருத்தம் இன்னொன்று. ஜீப்பைச் செய்த அதே கிறைஸ்லர் நிறுவனத்தார், புது வண்டியில் கைவிசை முதலியன பொருத்திக்கொள்ளும் உறுப்பிழந்தோருக்கு 1,000 டாலர் வரை திருப்பித் தரும் ஏற்பாட்டை நடத்திவந்தனர். நல்ல காரியம். 2 நிமிடத்தில் அதற்கு ஒரு விநாடியும் ஒதுக்கவில்லை. காலிழந்து வந்த ஒருவன் கைப்பிடியைத் தள்ளி வண்டியை நிறுத்தி, யார் துணையுமின்றி இறங்கித் தன் வீட்டு வாயிலுக்குப் போவதைக் காட்ட 20 விநாடி போதும். வண்டியும் விற்றிருக்கும்.